பசித்தாலும் உன்னிடம் சொல்லமாட்டேன் என்ற கடவுள்

எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுக்கிறேன். ஒரு வாரம் மனப்பாட வசனமாக மத்தேயு 22:37-ஐக் கொடுத்திருந்தேன். "உன் தேவனாகிய கர்த்தரிடத்தில் உன் முழு இருதயத்தோடும் உன் முழு ஆத்துமாவோடும் உன் முழு மனதோடும் அன்புகூருவாயாக." எல்லோரும் ஒப்பித்து முடித்தபின் ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: "அக்கா, அம்மாமேல பாசம்னா தண்ணி எடுத்துக் குடுக்கலாம், கால் பிடிச்சு விடலாம். கடவுளுக்கு என்னக்கா செய்யறது? அவருக்குத்தான் ஒண்ணுமே தேவையில்லையே?"

ஜெபம் பண்ணலாம், பாட்டுப் பாடலாம், காணிக்கை போடலாம் என்று சொல்லி வகுப்பை முடித்தேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை. வீட்டுக்கு வந்தும் அவள் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. கிறிஸ்தவ வாழ்க்கையில் "கடவுளை நேசிப்பது", "அயலானை நேசிப்பது" என்று இரண்டு வார்த்தைகள் ஓயாமல் காதில் விழுகின்றன. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று பெரியவர்களுக்கும் பல நேரம் தெளிவாகத் தெரிவதில்லை. அவளுக்கு அன்று சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

அவள் கேட்டது விவிலியத்துக்குள்ளேயே இருக்கும் கேள்வி. சங்கீதம் 50-இல், பலிகளைக் குவித்துக்கொண்டிருந்த மக்களிடம் கடவுள் சொல்கிறார்: "நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன்." காட்டு மிருகங்களும் மலைகளில் மேயும் மாடுகளும் ஏற்கெனவே அவருடையவை. நம் கையிலிருந்து எடுத்துக் கொடுத்து அவருடைய குறை எதையும் தீர்க்க முடியாது.

இதற்குப் பக்கத்தில் மத்தேயு 25-ஆம் அதிகாரத்தை வைத்துப் பாருங்கள். நியாயத்தீர்ப்பு நாளில் ராஜா பேசுகிறார்: "பசியாயிருந்தேன், எனக்குப் போஜனங்கொடுத்தீர்கள், தாகமாயிருந்தேன், என் தாகத்தைத் தீர்த்தீர்கள்." நீதிமான்கள் திகைத்துப்போய், ஆண்டவரே, எப்போது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம் என்று கேட்கிறார்கள். மிகவும் சிறியவராகிய என் சகோதரரில் ஒருவனுக்குச் செய்தது எதுவோ அதை எனக்கே செய்தீர்கள் என்கிறார் அவர்.

பசித்தாலும் சொல்லமாட்டேன் என்றவர், பசியாயிருந்தேன் என்கிறார். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில்தான் நாம் பேசவந்த முழு விஷயமும் இருக்கிறது. கடவுள் தனக்கு ஒன்றும் தேவையில்லாதவர். ஆனால் நம்முடைய அன்பை வாங்கிக்கொள்ள அவர் ஒரு கையை நீட்டியிருக்கிறார். அது பசித்தவனின் கை. அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளையை இரண்டு பகுதிகளையும் வாசிக்கச் சொன்னேன். வாசித்துவிட்டு, "அப்ப அவருக்கும் தண்ணி குடுக்கலாம்" என்றாள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த நீதிமான்களுக்குத் தாங்கள் கடவுளுக்குச் செய்கிறோம் என்பதே தெரிந்திருக்கவில்லை. சோறு போட்டார்கள், ஏனென்றால் எதிரில் இருந்தவனுக்குப் பசித்தது. மோட்சத்துக்கு ஏணியாக அவனைப் பயன்படுத்தவில்லை. கடவுளுக்காக என்று சொல்லிக்கொண்டு எதிரில் இருக்கும் ஆளின் முகத்தைப் பார்க்காமலே உதவுகிறவர்கள் உண்டு. உதவி பெறுகிறவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

பிறன் என்ற சொல்

எந்தக் கற்பனை, அதாவது கட்டளை, பிரதானமானது என்று நியாயசாஸ்திரி (யூதச் சட்டம் கற்றவன்) ஒருவன் கேட்டபோது இயேசு ஒன்றைச் சொல்லி நிறுத்தவில்லை, இரண்டைச் சொன்னார். கடவுளிடம் அன்புகூரச் சொல்லும் முதலாவது உபாகமம் 6-இல் இருக்கிறது. யூதர்கள் காலையிலும் மாலையிலும் சொல்லும் ஜெபத்தின் பகுதி அது. இரண்டாவது லேவியராகமம் 19:18: "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக." முந்தையதற்கு இது "ஒப்பாயிருக்கிறது" என்றார் இயேசு.

லேவியராகமம் 19-ஐ முழுவதும் வாசித்தால், அங்கே அன்பு என்பது எவ்வளவு நடைமுறையான காரியம் என்று புரியும். வயலை அறுக்கும்போது ஓரத்தை ஒட்ட அறுக்காதே, உதிர்ந்த கதிரைப் பொறுக்காதே, அது ஏழைக்கும் பரதேசிக்கும். கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது. செவிடனைத் திட்டாதே, குருடன் போகும் வழியில் தடுக்கலை வைக்காதே. உன்னோடு தங்கும் அந்நியனிலும் உன்னைப்போல அன்புகூரு. அவன்மேல் பிரியம் பொங்க வேண்டும் என்று அங்கே எழுதவில்லை. சாயங்காலம் கூலியைக் கொடுத்துவிடு என்றுதான் இருக்கிறது. அன்பு என்றதும் நெஞ்சுக்குள் ஓர் உணர்ச்சியைத் தேடி, அது இல்லையே என்று கவலைப்படுகிறவர்களுக்கு இந்த அதிகாரம் பெரிய ஆறுதல். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இந்த அன்புக்கு வரும் 'அகாப்பே' என்ற சொல்லும், எதிரில் இருப்பவரின் நன்மையை நாடும் மனதைத்தான் பெரும்பாலும் குறிக்கிறது.

சரி, யாரை? நம் பழைய தமிழ் வேதாகமம் "பிறன்" என்கிறது. பின்னால் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு "அடுத்திருப்பவர்" என்கிறது. பேச்சில் நாம் "அயலான்" என்கிறோம். அடுத்திருப்பவர் என்றால் பக்கத்தில் இருப்பவர். பிறன் என்றால் நம்மவன் அல்லாதவன். பக்கத்து வீட்டாரா, அந்நியனா? இரண்டு மொழிபெயர்ப்பும் சரி என்பது என் எண்ணம். ஏன் என்பதற்கு லூக்கா 10-க்குப் போக வேண்டும்.

அங்கே ஒரு நியாயசாஸ்திரி, "எனக்குப் பிறன் யார்?" என்று கேட்கிறான். எதுவரை நேசித்தால் போதும், எங்கே கோடு போடலாம் என்பதுதான் அவன் கேட்க நினைத்தது. இயேசு விளக்கம் கொடுக்காமல் ஒரு கதை சொன்னார். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு ஏறத்தாழ 27 கிலோமீட்டர். எருசலேம் மலைமேல் இருக்கிறது, எரிகோ கடல்மட்டத்துக்கும் கீழே. வறண்ட பாறைகளுக்கிடையே ஆயிரம் மீட்டருக்கும் அதிகமாக இறங்கும் அந்தப் பாதையில் கள்ளர் பதுங்க இடத்துக்குப் பஞ்சமில்லை. ஒருவனை அடித்து, உடையை உரிந்து, குற்றுயிராக விட்டுப்போனார்கள்.

உடையும் இல்லை, பேச்சும் இல்லை. ஒருவன் எந்த ஊர், எந்த இனம் என்று காட்டிக்கொடுக்கும் இரண்டு அடையாளங்களும் அவனிடம் இல்லை. நம் ஊரில் முகம் தெரியாதவரிடம் பேச்சுக் கொடுக்கும்போது "எந்த ஊரு, எந்தத் தெரு" என்று கேட்பதன் உள்ளர்த்தம் நமக்கெல்லாம் தெரியும். அந்த மனிதனிடம் அதைக் கேட்க வழியே இல்லை.

ஆசாரியன் வந்தான், பார்த்தான், விலகிப்போனான். பிணத்தைத் தொட்டால் தீட்டு, ஆலயப் பணிக்கு இடைஞ்சல் என்று அவனுக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் உண்டு. ஆனால் மூலத்தில் அவன் அந்த வழியாய் "இறங்கி" வந்தான் என்று இருக்கிறது. எருசலேமை விட்டு அவன் கீழே போய்க்கொண்டிருக்கிறான். பணி முடிந்துவிட்டது. ஆராதனை முடிந்து வீடு திரும்பும் வழியில்தான் அவன் தவறினான். ஞாயிறு மதியம் சபையிலிருந்து திரும்பும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். ஆலயத்தில் உதவிப் பணி செய்யும் லேவியனும் அப்படியே போனான்.

மூன்றாவதாகச் சமாரியன் வந்தான். இந்தப் பெயர் கேட்டவர்களுக்கு எப்படிக் குத்தியிருக்கும் என்று இன்று நமக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் "நல்ல சமாரியன்" என்பது நமக்குப் பாராட்டுச் சொல்லாகிவிட்டது. யூதர்களுக்கும் பக்கத்துச் சமாரியா நாட்டுச் சமாரியர்களுக்கும் இருந்தது பல நூற்றாண்டுப் பகை. கெரிசீம் மலையில் சமாரியர்களுக்கு இருந்த ஆலயத்தை கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் யூத ஆட்சியாளர் ஒருவரே இடித்திருந்தார். இதே லூக்காவில் ஒரு அதிகாரம் முன்னால், இயேசுவை ஊருக்குள் சேர்க்க மறுத்தது ஒரு சமாரியக் கிராமம். வானத்திலிருந்து அக்கினி இறங்கி அவர்களை அழிக்கட்டுமா என்று சீடர்கள் யாக்கோபும் யோவானும் கேட்டார்கள். இயேசு அவர்களை அதட்டினார். அந்தக் காயம் ஆறுவதற்குள் சமாரியனைக் கதாநாயகனாக வைத்து அவர் கதை சொல்கிறார்.

சமாரியன் அவனைக் கண்டு "மனதுருகி" என்கிறது நம் வேதாகமம். அதன் கிரேக்கச் சொல் குடலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. "வயிற்றைப் பிசைகிறது" என்று நாம் சொல்வதைப்போல. அதன்பின் நடந்ததெல்லாம் கைவேலை. கிட்ட வந்தான், எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், காயம் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் இரவெல்லாம் பார்த்துக்கொண்டான். மறுநாள் "இரண்டு பணம்" கொடுத்தான். அது இரண்டு தினாரி, அன்றைய கணக்கில் ஒரு கூலியாளின் இரண்டு நாள் கூலி.

கதை முடிந்ததும் இயேசு கேள்வியைத் திருப்பிவிடுகிறார். யார் எனக்குப் பிறன் என்று கேட்டவனிடம், அடிபட்டவனுக்கு எவன் பிறனாயிருந்தான் என்று கேட்கிறார். இப்போது அந்தச் சொல்லைப் பாருங்கள். அந்நியன் என்ற பொருளில் இருந்த "பிறன்", "கிட்ட வந்தான்" என்ற ஒரு செயலால் அடுத்திருப்பவனாக மாறிவிட்டான். கோடு எங்கே போடலாம் என்று கேட்டவனுக்கு, நீ நடந்துபோய் நிற்கும் இடமே அயல் என்ற பதில் கிடைத்தது. நியாயசாஸ்திரிக்குச் "சமாரியன்" என்று வாயால் சொல்லக்கூட வரவில்லை. அவனுக்கு இரக்கஞ்செய்தவனே என்றான்.

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. நம் தமிழ்நாட்டில் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தைக்கூடக் கிறிஸ்தவர்கள் சாதி பார்த்துப் பிரித்து வைத்திருக்கிறோம். ஒரே அப்பத்தைப் பிட்டவர்கள் ஒரே மண்ணில் படுக்க முடியாது என்கிறோம். அந்தக் கதையை இயேசு நம்மிடம் சொல்லியிருந்தால் சமாரியன் இருந்த இடத்தில் யாரை வைத்திருப்பார் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும்.

மொய் நோட்டு இல்லாத விருந்து

"நிபந்தனையில்லாத" என்ற சொல்லை இப்போது எடுத்துக்கொள்வோம். நமக்கு நன்கு தெரிந்த நிபந்தனை மொய். கல்யாண வீட்டில் நோட்டில் எழுதி வைக்கிறோம், அவர்கள் வீட்டு விசேஷத்தில் அதைத் திருப்பிச் செய்கிறோம். மொய்யை நான் குறை சொல்லவில்லை. கைமுதல் இல்லாத குடும்பங்களைத் தூக்கி நிறுத்தும் நல்ல ஏற்பாடு அது. ஆனால் அது கொடுக்கல் வாங்கல். லூக்கா 14-இல் இயேசு வேறொரு விருந்தைச் சொல்கிறார். விருந்து வைத்தால் சிநேகிதரையும் சொந்தக்காரரையும் பணக்கார அயலாரையும் கூப்பிடாதே, அவர்கள் உன்னைத் திரும்பக் கூப்பிட்டுவிடுவார்கள். ஏழைகளையும் ஊனரையும் சப்பாணிகளையும் குருடரையும் கூப்பிடு, பதில் செய்ய அவர்களிடம் ஒன்றுமில்லை. திருப்பிக் கிடைக்காது என்பதையே தகுதியாக வைக்கிறார்.

ஏன் இப்படி? கடவுள் நம்மை நேசித்த விதம் இது. "நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்ததினாலே" என்கிறார் பவுல். நாம் திருந்திய பிறகு கிடைத்த பரிசு அல்ல. நல்லவர்மேலும் தீயவர்மேலும் அவர் தம் சூரியனை உதிக்கச் செய்கிறார், மழை பெய்யச் செய்கிறார் என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு சொல்வதும் இதைத்தான். மழை பட்டா பார்த்துப் பெய்வதில்லை.

14-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் சியன்னா நகரில் வாழ்ந்த கத்தரீன் என்ற பெண் இதை எனக்கு மிகத் தெளிவாக்கியவர். புராட்டஸ்டன்ட் வழிவந்த சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்த எனக்கு அவரைப்போன்ற புனிதர்களைப் பற்றி வெகுநாள் தெரியாது. சாயம் தோய்ப்பவரின் மகள். 1347-இல் பிறந்து 33 வயதில் இறந்தார். கொள்ளைநோய் வந்தபோது நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தவர். தன்னைப் பற்றி அவதூறு பரப்பிய ஒரு நோயாளிப் பெண்ணையும் விட்டுவிடாமல் பார்த்துக்கொண்டார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர் பதிவு செய்திருக்கிறார். கடவுள் தன்னோடு பேசியதாகக் கத்தரீன் எழுதியவற்றில் ஒரு எண்ணம் உண்டு. அதன் சாரத்தை என் வார்த்தையில் சொல்கிறேன்: நீ என்னை நேசிக்கும் முன்பே நான் உன்னை நேசித்துவிட்டேன். ஆகவே நீ என்மேல் வைக்கும் அன்பு எப்போதும் பட்ட கடனைக் கொடுப்பதுதான், இலவசமாக இருக்கவே முடியாது. நான் உன்னை நேசித்ததுபோல நீயும் இலவசமாக நேசிக்க வேண்டுமானால், உனக்கு ஒன்றும் செய்திராத ஒருவன் வேண்டும். அதற்குத்தான் உன் அயலானை உன் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

ஞாயிறு பள்ளிப் பிள்ளையின் கேள்விக்கு இதைவிடச் சரியான பதில் எனக்குத் தெரியாது. எனக்கு உதவாதவர், என்னைப் பிடிக்காதவர், நன்றி சொல்லத் தெரியாதவர் ஆகியோர் அன்பின் வழியில் தடங்கல்கள் அல்ல. கடவுளின் அன்பு எப்படிப்பட்டதோ அதே தன்மையில் நான் நேசிக்கக் கிடைத்த வாய்ப்பே அவர்கள்தான்.

உதவிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் நிபந்தனைகளும் உண்டு. அரிசி கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வருகிறாரா என்று பார்ப்பது அவற்றில் ஒன்று. வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டால் அடுத்த மாதம் அரிசி நிற்கும் என்றால், அது அரிசியில் மறைத்த தூண்டில். சமாரியன் அடிபட்டவனிடம் கெரிசீமுக்கு வா என்று சொல்லவில்லை.

இதெல்லாம் பெரிய ஆட்களுக்கு என்று தோன்றினால் பிரான்சின் லிசியே நகரத்துத் தெரேசாவைப் பாருங்கள். 15 வயதில் கார்மேல் கன்னியர் மடத்துக்குள் போனவர், 1897-இல் 24 வயதில் காசநோயால் இறந்தார். ஊர் ஊராகப் போய் எந்தத் தொண்டும் செய்யவில்லை. அவருக்கு அமைந்த அயலார் நாலு சுவருக்குள் இருந்த சகோதரிகள் மட்டுமே. அவர்களில் ஒருவரின் நடையும் பேச்சும் குணமும் எதுவுமே தெரேசாவுக்குப் பிடிக்கவில்லை. அன்பு உணர்ச்சியில் இல்லை, செயலில் இருக்கிறது என்று தீர்மானித்து, அந்தச் சகோதரியைக் காணும்போதெல்லாம் அவருக்காக ஜெபித்தார், முடிந்த உதவியைச் செய்தார். சுருக்கென்று பதில் சொல்ல நா துடிக்கும்போது புன்னகைத்துப் பேச்சை மாற்றினார். அதுவும் முடியாத நேரத்தில் அந்த இடத்தைவிட்டே ஓடிவிட்டார். இதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார், அதனால்தான் எனக்கு அவரை நம்பத் தோன்றுகிறது. ஒருநாள் அந்தச் சகோதரியே வந்து, என்னிடம் உங்களுக்கு அப்படி என்ன பிடித்திருக்கிறது, எப்போது பார்த்தாலும் சிரிக்கிறீர்களே என்று கேட்டாராம். மாமியாரோடு, ஓரகத்தியோடு, அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரரோடு வாழ்கிறவர்களுக்கு இது தெரியாத போராட்டமா?

எல்லை வேறு, நிபந்தனை வேறு

புதிதாக இதைக் கேட்கிறவர்களுக்கு ஒரு பயம் வரும், குறிப்பாகப் பெண்களுக்கு. நிபந்தனையில்லாமல் நேசி என்றால், அடிக்கிற புருஷனிடம் அடி வாங்கிக்கொண்டே இருப்பதா? இல்லை. இந்தப் போதனையை அப்படித் திரித்துப் பெண்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய பெரியவர்கள் உண்டு, அது பாவம். ஒருவர் தொடர்ந்து தீமை செய்ய இடம் கொடுப்பது அவருடைய நன்மையை நாடுவதும் ஆகாது. "உன்னில் நீ அன்புகூருவதுபோல்" என்ற அளவுகோலில் நீயும் இருக்கிறாய்.

சமாரியனையே பாருங்கள். மறுநாள் அவன் தன் பயணத்தைத் தொடர்ந்தான். சத்திரக்காரனிடம் பணமும் பொறுப்பும் கொடுத்து, திரும்பி வருவேன் என்று சொல்லிப் போனான். அவனுடைய நேரத்துக்கு எல்லை இருந்தது, அன்புக்கு நிபந்தனை இருக்கவில்லை. படுத்த படுக்கையான பெற்றோரைத் தனியாகப் பார்த்துக்கொண்டு களைத்துப்போனவர்கள், இன்னொருவர் கையில் கொஞ்சம் ஒப்படைப்பதைக் குற்றமாக நினைக்கிறார்கள். சத்திரக்காரனும் அந்தக் கதையில்தான் இருக்கிறான்.

பகைவரை நேசிப்பதும் அப்படித்தான். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், ஜீப்புக்குள் உறங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரேலியரான கிரஹாம் ஸ்டெய்ன்ஸும் அவருடைய மகன்கள் பிலிப், திமொத்தேயுவும் உயிரோடு எரித்துக் கொல்லப்பட்டார்கள். பிள்ளைகளுக்கு வயது 10, 6. பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர் அவர். கொன்றவர்களை மன்னிப்பதாக மனைவி கிளாடிஸ் வெளிப்படையாகச் சொன்னார். அந்த மன்னிப்பு வழக்கை நிறுத்தவில்லை. நீதிமன்றம் விசாரித்தது, தண்டனையும் கொடுத்தது. கிளாடிஸ் தன் மகளோடு அதே ஊரில் தங்கி, அதே தொழுநோயாளிகளுக்கான பணியைத் தொடர்ந்தார். 2005-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. ஒருவரைப் பகைக்காமல் இருப்பதற்காக, அவர் செய்தது சரி என்று சொல்ல வேண்டியதில்லை என்பதை எனக்குக் காட்டியது அவருடைய வாழ்க்கை.

யோவான் தன் முதல் நிருபத்தில், அதாவது கடிதத்தில், ஒளிவுமறைவின்றி எழுதுகிறார்: "தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராமலிருக்கிறவன், தான் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான்?" கடவுளிடம் அன்பு இருக்கிறது, மனிதர்களோடுதான் ஒத்துவரவில்லை என்று சொல்ல அவர் இடமே வைக்கவில்லை. அதே பகுதியில், அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தார் என்பதையும் எழுதியிருக்கிறார். இந்த இரண்டாவது வாக்கியம் இல்லாவிட்டால் முதலாவது என்னை நசுக்கிவிடும். நான் ஊற்று அல்ல, வாய்க்கால். என்னிடம் இருப்பு இல்லாத நாளில் கேட்டு வாங்க ஓர் இடம் இருக்கிறது, ஜெபம் அதற்குத்தான்.

வாய்க்கால் என்று எழுதியதும் நினைவுக்கு வருகிறது. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையில் மழைத்தண்ணீர் போகும் வாய்க்கால் ஒன்று உண்டு. அதை யார் அடைத்தது என்ற தகராறில் மூன்று வருடம் அந்த வீட்டு அக்காவோடு எனக்குப் பேச்சு இல்லை. அந்த மூன்று வருடமும் நான் ஞாயிறு தவறாமல் சபைக்குப் போனேன், இந்த வசனங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். காணிக்கை செலுத்த வரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்று மத்தேயு 5-இல் இருக்கிறது. ஒரு ஞாயிறு அந்தப் பகுதியை நானே வாசிக்க வேண்டி வந்தது. வாசித்து முடித்து உட்கார்ந்தபோது கை நடுங்கியது.

அன்று மாலை அவர் வீட்டு வாசலுக்குப் போய், "அக்கா, நான் பேசினது தப்பு" என்றேன். சரி என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இன்றுவரை அவராக வந்து என்னிடம் பேசியதில்லை. மழைக்காலம் தொடங்கும் முன் வாய்க்காலில் இருக்கும் குப்பையை அள்ளும்போது, அவர் வீட்டுப் பக்கத்தையும் சேர்த்து அள்ளிவிடுகிறேன். இரவு ஜெபத்தில் அவர் பெயரைச் சொல்கிறேன். முதல் சில மாதங்கள் அந்தப் பெயர் தொண்டையிலேயே நின்றது. இப்போது அவருடைய முழங்கால் வலியும் அந்த ஜெபத்துக்குள் வந்துவிட்டது.